கலத்தலும் கரைதலும்: ‘அவியல்’ இசைத்தொகுப்பும் நாட்டார் பாடலின் உரிமையும்

முன்னுரை

பாட்டு என்பது ஏட்டில் நிற்கும் சொல் மட்டுமன்று. குரலும் கருவியும் அவையும் கூடிய நிகழ்வு என்பது தமிழ் இலக்கண மரபு அறிந்த உண்மையாகும். இயல், இசை, நாடகம் என்னும் முப்பகுப்பில் இயலுக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் ஏனைய இரண்டிற்கும் கிடைக்கவில்லை. அதிலும், மின்கருவிகளை முழக்கிப் பாடும் இக்கால இசைக்குழுக்களின் பாடல்கள் தமிழ்த்துறை ஆய்வுகளின் எல்லைக்குள் மிக அரிதாகவே வந்துள்ளன. அவற்றைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது எளிது. ஆயினும் நாட்டார் வழக்காறு, மொழிக்கலப்பு, பாடல் உரிமை ஆகிய மூன்று சிக்கல்கள் அவற்றுள் ஒருங்கே முடிச்சிட்டுக் கிடக்கின்றன. 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘அவியல்’ என்னும் மலையாள ராக் இசைத்தொகுப்பை முன்னிறுத்தி, அதன் ஆக்கத்தையும் வரவேற்பையும் தமிழ், மலையாளப் பாட்டியல் மரபுகளின் துணையோடு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழுவும் தொகுப்பும்

அவியல் குழு கேரளத்தில் 2003இல் உருவானது. தோனி ஜான், தொடக்கக் காலப் பாடகரான ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால், கித்தார் கலைஞர் ரெக்ஸ் விஜயன், டிரம்ஸ் கலைஞர் மிதுன் புத்தன்வீட்டில், பாஸ் கித்தார் கலைஞர் பின்னி ஐசக் ஆகியோர் இக்குழுவோடு தொடர்புடைய முதன்மைப் பெயர்கள் ஆவர். ‘நட நட’ என்னும் பாடலே இவர்களை முதலில் இளைஞரிடையே அறிமுகப்படுத்தியது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு, எட்டுப் பாடல்களுடன் 2008இல் ஃபேட் ஃபிஷ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ‘நட நட’, ‘செக்கேலெ’, ‘ஞான் ஆரா’, ‘எட்டாம் பாட்டு’, ‘ஆடு பாம்பே’ முதலியன அதில் இடம்பெற்றுள்ளன.

இத்தொகுப்பிற்கு முன்பும் கேரளத்தில் ராக் இசை இருந்தது. கொச்சியைச் சார்ந்த 13ஏடி குழு 1990இல் ‘கிரவுண்ட் ஜீரோ’ தொகுப்பை வெளியிட்டது. கொச்சியிலேயே தோன்றிய மதர்ஜேன் குழு, பைஜு தர்மஜனின் கித்தார் வழியே கருநாடக இசையின் கமகங்களை ராக் இசைக்குள் கொணர்ந்து, அவியல் வெளிவந்த அதே 2008இல் ‘மக்தூப்’ தொகுப்பை அளித்தது. ஆனால் இவ்விரு குழுக்களின் பாடல்மொழி ஆங்கிலமே. மதர்ஜேனில் மண்ணின் இசை கித்தாரில் ஒலித்தது. மண்ணின் மொழி பாடகரின் வாயில் ஒலிக்கவில்லை. ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு தொகுப்புகளையும் அருகருகே வைத்து நோக்கின், அவியல் செய்த மாற்றம் இசையைக் காட்டிலும் மொழியிலேயே தொடங்குவது புலனாகும். அவியலில் கருவிகள் பெரிதும் மேலை ராக் இசைக்குரியவை. சொற்களோ நாட்டுப்புற மலையாளத்தின் ஓசையைத் தாங்கியவை.

ஏவலும் அடுக்கும்

இத்தொகுப்பின் பாடல் தலைப்புகள் சில மொழிபெயர்ப்பின்றியே தமிழருக்கு விளங்குவன. ‘நட நட’, ‘ஆடு பாம்பே’ ஆகிய இரண்டும் ஏவல் வினைகள். ஏவல் என்பது முன்னிலையாரை நேரே விளித்துச் செயலுக்கு அழைப்பது. உழவு, ஏற்றம், படகு, பல்லக்கு முதலிய தொழில்களில் பிறந்த நாட்டார் பாடல்கள் பலவும் ஏவலையே உயிராகக் கொண்டவை. ராக் இசையும் அரங்கில் நிற்கும் கூட்டத்தை நேரே விளிக்கும் இசையே. எனவே இவ்விரண்டும் கூடுமிடம் தாளம் என்று மட்டும் சொல்வது முழுமையாகாது; வினையின் வடிவமே அவற்றைக் கூட்டுகிறது எனலாம்.

‘நட நட’ என்பது அடுக்குத்தொடர். அசைநிலை, பொருள்நிலை, இசைநிறை ஆகிய காரணங்களால் சொற்கள் இரண்டும் மூன்றும் நான்கும் அடுக்கி வரும் என நன்னூல் வகுக்கும். விரைவும் வெகுளியும் உவகையும் அச்சமும் அவலமும் பொருள்நிலை அடுக்கிற்கு உரியன. ராக் இசையில் அடுக்கு நான்கோடு நிற்பதில்லை. பல முறை திரும்பத் திரும்ப வரும் சொல் தன் பொருளை மெல்ல இழந்து ஓசையாகவே எஞ்சுகிறது. பொருள்நிலையில் தொடங்கிய அடுக்கு இசைநிறையாக முடிவடையும் இம்மாற்றத்தை அவியலின் பாடல்களில் தெளிவாகக் கேட்கலாம். மலையாளம் அறியாத கேட்போரையும் இப்பாடல்கள் ஈர்த்தமைக்கு இதுவே அடிப்படையாகும். பின்னர்க் காணவிருக்கும் சிக்கலின் வித்தும் இங்கேயே உள்ளது. பொருள் கரைந்து ஓசை மட்டும் எஞ்சும்போது, அச்சொல்லை முதலில் பாடியவர் யார், எதற்காகப் பாடினார் என்னும் வினாக்களும் உடன் கரைந்துவிடுகின்றன.

பண்ணத்தியும் மணிப்பிரவாளமும்

கலப்பு இசைக்கு மேலைக் கலைச்சொற்களையே தேட வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் ‘பண்ணத்தி’ என்றொரு வகையைக் கூறுகிறது. அது பாட்டோடு கலந்து வரும் பொருளையும் பாட்டின் இயல்பையும் உடையது. பேராசிரியர் இதற்கு உரை காணுமிடத்து, வழக்கில் வழங்கிய பாட்டுமடை, வஞ்சிப்பாட்டு, மோதிரப்பாட்டு முதலியவற்றை எடுத்துக்காட்டுகிறார். அஃதாவது, செவ்வியல் இலக்கணமே மக்களிடையே வழங்கிய இசைப்பாடலுக்குத் தன் வகைப்பாட்டில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. அவ்விடம் பிற்கால ஆய்வில் நிரப்பப்படாமல் கிடக்கிறது.

மொழிக்கலப்பைப் பற்றியும் இலக்கணிகள் சிந்தித்துள்ளனர். 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் வடவெழுத்து விரவிய நடையை ‘விரவியல்’ என்றும், வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் கலந்து எதுகை முதலியன நோக்காது வரும் நடையை ‘மணிப்பிரவாளம்’ என்றும் பிரித்துக் கூறும். கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகம் மணிப்பிரவாளத்திற்கெனவே எழுந்த நூல். மணி என்பதை மாணிக்கம் என்றும், பிரவாளம் என்பதைப் பவளம் என்றும் கொண்டு, இரண்டும் செந்நிறம் உடையனவாதலின் ஒரே நூலில் கோக்கும்போது வேறுபாடு தோன்றாது என அந்நூல் விளக்கம் தருகிறது. கலப்பு வெளித்தெரியாமையே அங்குச் சிறப்பு.

அவியல் என்னும் பெயர் இதற்கு நேர் எதிரான அழகியலைச் சுட்டுவதாகக் கொள்ளலாம். தென்திருவிதாங்கூர்ச் சமையலில் அவியல் என்பது வாழைக்காய், சேனை, முருங்கை, வெள்ளரி முதலிய காய்களை நீளவாக்கில் நறுக்கி வேகவைத்து, தேங்காயரைப்பும் தயிரும் தேங்காயெண்ணெயும் சேர்த்துச் செய்யும் கறி. இதில் காய்கள் ஒன்றாக வெந்தாலும் ஒவ்வொன்றும் தன் வடிவையும் சுவையையும் இழப்பதில்லை. உண்பவர் இது முருங்கை, இது சேனை என அறிந்தே உண்கிறார். மணிப்பிரவாளத்தின் அளவுகோல் வேறுபாடு தோன்றாமை எனில், அவியலின் அளவுகோல் வேறுபாடு தோன்றுதல். குழு தனக்கு இட்டுக்கொண்ட பெயரே தன்னை மதிப்பிடுவதற்கான அளவுகோலையும் தந்துவிட்டது.

இவ்வளவுகோலால் நோக்கின், இசையளவில் இத்தொகுப்பு வெற்றி பெற்றுள்ளது. கித்தார் நாட்டுப்புற மெட்டிற்கு அணி செய்யும் துணைக்கருவியாகக் குறுகவில்லை. குரலும் கித்தாருக்காகத் தன் நாட்டு ஓசையை மழுப்பிக்கொள்ளவில்லை. இரண்டும் தத்தம் இயல்பில் நின்று மோதுகின்றன. திரைப்படங்களில் ‘நாட்டுப்புறப் பாட்டு’ என வழங்கும் பலவற்றில் காணப்படும் ஒப்பனை இங்குக் குறைவு.

ஆடு பாம்பே: ஒரு விளியின் வழித்தடம்

‘ஆடு பாம்பே’ என்னும் தலைப்பு தமிழ் ஆய்வாளருக்குப் புதிதன்று. பாம்பாட்டிச் சித்தரின் பாடல்கள் இவ்விளியாலேயே முடிவன. அங்குப் பாம்பு குண்டலினியின் குறியீடு. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856இல் பிறந்த நாராயண குரு தமிழ் நூல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தவர். அவர் மலையாளத்தில் பாடிய ‘குண்டலினிப் பாட்டு’ சித்தரின் அதே விளியை ஏற்றுக்கொண்டது. 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிச் சாதி மரபை எதிர்த்த ஒருவர், கோயிலுக்கும் சாத்திரத்திற்கும் புறத்தே நின்ற சித்தரின் குரலைத் தெரிந்தெடுத்தது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. இன்னொரு பக்கம், கேரளத்தின் பாம்புக்காவுகளில் களம் வரைந்து, புள்ளுவக்குடமும் புள்ளுவ வீணையும் இசைத்துப் பாம்புகளை ஆடச் செய்யும் புள்ளுவர் பாட்டு உள்ளது.

சித்தர் மரபில் யோகம், குருவின் மரபில் சமூக மீட்சியோடு இணைந்த ஞானம், புள்ளுவர் மரபில் சடங்கு என ஒரே விளி மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. 2008இல் அது ராக் அரங்கிற்கு வந்தபோது நான்காவதொரு பொருளைப் பெற்றது. அங்கு ஆடுவது பாம்பன்று, கூட்டம். அவியல் பாடலுக்கும் முந்தைய மூன்றிற்கும் நேரடிக் கடன் உண்டென நிறுவுவது இங்கு நோக்கமன்று. ஒரு விளி மொழி எல்லையையும் நூற்றாண்டுகளையும் கடந்து வாழும் முறையே ஈண்டுக் கருதத்தக்கது. தமிழ், மலையாளம் என்னும் இன்றைய பிரிவு அதற்குத் தடையாகவில்லை. கோவளத்தை அடுத்த ஔவாடுதுறையைச் சார்ந்த அய்யிப்பிள்ளை ஆசானின் ‘ராமகதைப்பாட்டு’, இரவிக்குட்டிப் பிள்ளையின் போரைப் பாடும் கதைப்பாடல் முதலிய தெக்கன் பாட்டுகள் இருமொழியும் விரவிய நடையில் அமைந்திருப்பதை நோக்க, திருவனந்தபுரம் வட்டாரத்தில் கலப்பு புதுமையன்று, மரபு எனத் துணியலாம்.

வரவேற்பு

அவியல் தொகுப்பின் வரவேற்பை இரண்டு நிலைகளில் காணலாம். முதலாவது, திரைப்படத்திற்குப் புறத்தே தாய்மொழி ராக் பாடலுக்கு ஓர் அவை உண்டு என்பதை அது மெய்ப்பித்தது. மலையாளத்தில் மாற்று ராக் இசைக்கு வழி திறந்த தொகுப்பாக இது பரவலாகக் கருதப்படுகிறது. 2013இல் உருவான தைக்குடம் பிரிட்ஜ் குழுவும் அதன் பின் வந்தோரும் பெற்ற வரவேற்பிற்கு அவியல் ஆயத்தப்படுத்திய செவிகள் பெருந்துணை புரிந்தன.

இரண்டாவது, திரைப்படம் அதனைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. 2011இல் வெளிவந்த ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் இக்குழுவின் ‘ஆனக்கள்ளன்’ பாடல் இடம்பெற்றது. ரெக்ஸ் விஜயன் ‘சாப்பா குரிசு’ (2011), ‘நீலாகாசம் பச்சைக்கடல் சுவந்ந பூமி’ (2013), ‘மாயாநதி’ (2017) ஆகிய படங்களின் வழி மலையாளத் திரையிசையின் ஒலிவண்ணத்தையே மாற்றியவருள் ஒருவரானார். திரைக்கு வெளியே பிறந்த ஓசை திரையின் மைய ஓசையானது. இதனை வெற்றி எனலாம். இழப்பு எனவும் கொள்ளலாம். திரைப்பாடல் கதைக்கும் காட்சிக்கும் கட்டுப்பட்டது. தனக்கென நிற்கும் பாடலின் தன்னுரிமை அங்குச் சுருங்குகிறது.

வரவேற்பில் இன்னொரு கூறும் கவனிக்கத்தக்கது. இத்தகைய தொகுப்புகளைப் பாராட்டுவோர் ‘நாட்டுப்புறம்’ என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடுவது வழக்கமாக உள்ளது. புள்ளுவர் பாட்டு, புலையர் பாட்டு, வில்லுப்பாட்டு, மலைவாழ் மக்களின் சடங்குப் பாட்டு எனத் தனித்தனிச் சமூகங்களுக்கும் தொழில்களுக்கும் உரிய பாடல்கள் அச்சொல்லுள் பெயரிழந்து ஒன்றாகின்றன. காய்கள் தனித்துத் தெரிய வேண்டும் என்னும் அவியலின் அளவுகோல் இசையில் காக்கப்பட்ட அளவிற்கு வரவேற்பில் காக்கப்படவில்லை என்பது இதனால் பெறப்படும்.

பொன்முடி அடிவாரத்தின் படிப்பினை

இச்சிக்கலைத் தெளிவாகக் காண்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடி மலைச்சாரல் தக்க களமாகும். பொன்முடியை அடுத்த விதுரை, பெரிங்ஙம்மலை ஊராட்சிப் பகுதிகளில் காணிக்காரர் வாழ்கின்றனர். மலையின் மறுபக்கமான கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் இவர்கள் உள்ளனர். இவர்தம் பேச்சு தமிழுக்கும் மலையாளத்திற்கும் நெருக்கமானது. மூட்டுக்காணி ஊர்த்தலைவர், பிலாத்தி நோய் தீர்க்கும் சடங்கை நடத்துபவர். சடங்கின்போது பாடப்படும் சாற்றுப்பாட்டிற்குக் கொக்கரை என்னும் இரும்புக்கருவி தாளம் தருகிறது. பல் பல்லாக அமைந்த அதன் விளிம்பை இரும்புக்கம்பியால் உரசும்போது எழும் ஓசை, ராக் இசைக்குப் பழகிய செவியையும் ஈர்க்கவல்லது. அதனைப் பதிவு செய்து மின்னிசையோடு இணைப்பது இன்று எவருக்கும் எளிது. அவ்வாறு இணைப்பவர் காணிக்காரருக்கு என்ன கடமைப்பட்டவர் என்னும் வினாவிற்கு இசையுலகில் விடையில்லை.

ஆனால் இதே மக்களின் மருந்தறிவு தொடர்பில் ஒரு விடை காணப்பட்டது. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் களைப்பு நீங்க ஒரு செடியின் கனிகளை உண்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டபோது, உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிக்காரருக்கு அளிப்பதென முடிவாயிற்று. அத்தொகையைப் பெறுவதற்கு 1997இல் காணிக்காரர் நல அறக்கட்டளை அமைக்கப்பட்டது. இவ்வேற்பாடு குறையற்றதன்று. எல்லாக் குடியிருப்புகளின் இசைவும் கேட்கப்படவில்லை. செடியைப் பயிரிடுவதிலும் வனத்துறையின் தடை எழுந்தது. எனினும், மரபறிவுக்கு உரிமையாளர் உண்டு என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. 2002இன் உயிரியற் பன்மைச் சட்டம் பயன்பகிர்வைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது.

பாடலுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. 1957இன் பதிப்புரிமைச் சட்டம் பெயரறிந்த ஆசிரியரையே மையமாகக் கொண்டது. 2012இன் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பங்குத்தொகை உரிமையை வலுப்படுத்தியது. ஒரு சமூகம் கூட்டாகக் காத்துவந்த பாடலுக்கோ அதில் தனி வகைமை இல்லை. இதன் விளைவைப் பின்வரும் நிகழ்வு காட்டும். 2022இல் ‘காந்தாரா’ என்னும் கன்னடப் படத்தின் பாடலொன்று தங்களது ‘நவரசம்’ பாடலைத் தழுவியது எனத் தைக்குடம் பிரிட்ஜ் குழு குற்றஞ்சாட்டியது. வழக்கு நீதிமன்றங்களுக்குச் சென்றது. இசைக்குழு தன் உரிமையைக் கோருவதற்கு மன்றம் உண்டு. சாற்றுப்பாட்டைப் பாடும் பிலாத்திக்கு அவ்வாறு கோருவதற்கு வழியில்லை. இலைக்குக் கிடைத்த நீதி பாட்டிற்குக் கிடைக்கவில்லை.

பெயரைப் பாடலுக்குள் வைத்தல்

சட்டம் தராததைக் கலை தர இயலுமா என்னும் வினாவிற்குத் தமிழ்நாட்டின் அண்மைக்கால முயற்சியொன்று ஒப்பீட்டிற்கு உதவும். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்தை அடியொற்றிய பெயர் அது. கானா, பறை, ராப், ராக் ஆகியன அதில் கலந்தன. அவியலில் நாட்டார் கூறு ஓசையாக நிற்க, இங்கு அது வாதமாக நிற்கிறது. கானா எந்தத் தெருவில் பிறந்தது, பறை ஏன் இழிவாக எண்ணப்பட்டது என்பவற்றைப் பாடுவோர் தம் வாயாலேயே கூறுகின்றனர். இடுபொருளின் பெயரும் பிறப்பிடமும் பாடலுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன.

அவ்வாறு வைத்தபின்னும் வரவேற்பு பெயரை நீக்கவல்லது. இக்குழுவில் பாடிய அறிவு எழுதிப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ (2021), இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை நினைவில் கொண்டது. அப்பாடலின் புகழையொட்டி அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு வெளியிட்ட அட்டையில் அறிவு இடம்பெறாமை கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. பின்னர் அவரது படத்துடன் மற்றோர் அட்டை வெளியிடப்பட்டது. பெயரறிந்த கலைஞருக்கே இந்நிலை எனில், பெயரற்ற பாடகரின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

இவ்வொப்பீட்டால் அவியலின் இசைச்சிறப்பு குறைந்துவிடாது. அரசியல் முழக்கமற்ற பாடல் தாழ்ந்தது என்பதும் இங்குக் கூறப்படவில்லை. ஓசையின் இன்பத்திற்கும் பாடலில் உரிய இடமுண்டு. பண்ணத்தியை ஏற்ற இலக்கணம் அதனை மறுக்கவில்லை. கலப்பின் அழகைப் போற்றும் திறனாய்வு, கலந்தவை எவை, எவருடையவை என்று கேட்பதையும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பதே வலியுறுத்தத்தக்கது.

முடிவுரை

‘அவியல்’ தொகுப்பு தாய்மொழியின் ஏவலையும் அடுக்கையும் மின்னிசையோடு மோதவிட்டு, ஒன்றில் மற்றொன்று கரையாத கலப்பை உருவாக்கியது. வேறுபாடு மறையும் மணிப்பிரவாள அழகியலினின்றும் வேறுபட்ட, வேறுபாடு தோன்றும் அழகியல் அதனுடையது. வரவேற்பு நிலையிலோ ‘நாட்டுப்புறம்’ என்னும் பொதுச்சொல் தனிச் சமூகங்களின் பெயர்களைக் கரைத்துவிட்டது. மருந்துச்செடியின் அறிவிற்குப் பொன்முடிச் சாரலை உள்ளடக்கிய மலைத்தொடரில் ஒரு பகிர்வு நெறி உருவானதுபோல, பாடலுக்கும் ஒரு நெறி உருவாக வேண்டியுள்ளது. சட்டம் வரும் வரை காத்திராமல் தமிழ்த்துறைகளும் மலையாளத்துறைகளும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. களப்பணியில் தொகுக்கப்படும் ஒவ்வொரு பாடலோடும், பாடியவரின் இசைவு பெற்று, அவர் பெயரையும் ஊரையும் பாடும் சூழலையும் பதிவு செய்து, பிறர் எடுத்தாளும்போது அவற்றைக் குறிப்பிட வேண்டும் என்னும் வரையறையை வகுப்பதே அது. பாடலைக் கேட்போர் எண்ணிக்கை பெருகும் காலத்தில், பாடியவரை நினைவில் வைத்தல் ஆய்வுலகின் பொறுப்பாகிறது.